முதல் குறையாமல் கணக்குக் கொடுப்போம்

பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு
நீதிமொழிகள் 31:10-13, 19-20, 30-31, 1 தெசலோனிக்கர் 5:1-6, மத்தேயு 25:14-30



திருவழிபாட்டு ஆண்டு முடியப்போகிறது. அடுத்த ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. ஆண்டு முடியும்போது கணக்குப் பார்ப்பது நமக்குப் பழக்கமான காரியம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பார்க்கிறோம், கமக்காரர் அமைப்பில் பார்க்கிறோம், மாதர் சங்கத்தில் பார்க்கிறோம். திருச்சபையும் இன்று நம்மை ஒரு கணக்கின் முன்னால் நிறுத்துகிறது. நற்செய்தியில் வரும் தலைவர் தம் உடைமைகளைப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு நெடும்பயணம் போகிறார். நெடுங்காலம் கழித்துத் திரும்பி வருகிறார். வந்ததும் முதல் வேலையாகக் கணக்குக் கேட்கிறார்.

தாலந்து உவமை நமக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். பாடத் தெரிந்தவர் பாட வேண்டும், எழுதத் தெரிந்தவர் எழுத வேண்டும், திறமையைப் புதைக்கக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். அது சரியான படிப்பினைதான். ஆனால் உவமை அதோடு முடிந்துவிடவில்லை. கடலையும் மணலையும் குளத்தையும் நம்பி வாழும் இந்த மன்னார் மக்களாகிய நாம், அதே உவமையிடம் இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. நம் கையில் இருப்பது யாருடையது? அது எவ்வளவு? அதை எந்த நிலையில் திருப்பிக் கொடுக்கப்போகிறோம்?

முதல் கேள்விக்கு உவமையின் முதல் வரியிலேயே பதில் இருக்கிறது. அவை தலைவருடைய உடைமைகள். ஐந்து தாலந்து பெற்றவருக்கும் சரி, ஒன்று பெற்றவருக்கும் சரி, ஒரு காசும் சொந்தமில்லை. மண்ணுலகும் அதில் நிறைந்துள்ள அனைத்தும் ஆண்டவருடையவை என்று 24ஆம் திருப்பாடல் சொல்லும் அதே உண்மை இது. நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருப்பவர்கள் என்று லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இஸ்ரயேலருக்குச் சொன்னார். உறுதிக்காணியின் பத்திரத்தில் நம் பெயர் இருக்கலாம். படகின் பதிவு இலக்கம் நம் பெயரில் இருக்கலாம். ஆண்டவரின் கணக்குப் புத்தகத்தில் நாம் எல்லாரும் பொறுப்பாளர்கள் மட்டுமே.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு? ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. ஓய்வு நாளும் விழா நாளும் போக, ஒரு மனிதன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தால்தான் ஒரு தாலந்து சேரும். ஆகவே மூன்றாம் பணியாளனை எதுவுமே கிடைக்காத ஏழை என்று எண்ணிவிடாதீர்கள். அவன் கையில் இருந்ததும் பெருஞ்செல்வம். கடவுள் யாருக்கும் அற்பமாகக் கொடுப்பதில்லை. நமக்குக் கொடுத்தது கொஞ்சம்தானே என்று சாக்குச் சொல்ல இந்த உவமையில் இடமில்லை.

மூன்றாவது கேள்விதான் நாம் அதிகம் கவனிக்காதது. முதல் இருவரும் கணக்குக் கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஐந்து தாலந்து தந்தீர், இதோ இன்னும் ஐந்து என்கிறார் ஒருவர். இரண்டு தந்தீர், இதோ இன்னும் இரண்டு என்கிறார் மற்றவர். கொடுத்த முதல் அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் பெருகியதும் இருக்கிறது. முதலைத் தின்றுவிட்டு இலாபம் காட்டியவர் அங்கே யாருமில்லை. தலைவர் அந்த இருவரையும் ஒரே வார்த்தைகளால் பாராட்டுகிறார். பத்தாக்கியவருக்கு ஒரு பாராட்டு, நான்காக்கியவருக்கு ஒரு பாராட்டு என்று பிரித்துப் பேசவில்லை. அவர் பார்த்தது தொகையை அல்ல, உண்மையை. பொறுப்பாளரிடம் எதிர்பார்க்கப்படுவது நம்பகத்தன்மையே என்று புனித பவுலும் கொரிந்தியருக்கு எழுதினார்.

அப்படியானால் மூன்றாமவன் ஏன் தண்டிக்கப்பட்டான்? அவன் திருடவில்லை, செலவழிக்கவில்லை. முதலைக் குறையாமல் கொண்டுவந்து நீட்டினான். பணத்தை மண்ணில் புதைத்து வைப்பது அக்காலத்தில் பாதுகாப்பான வழியென்றே கருதப்பட்டது. அவனுடைய குற்றம் அவன் வாயிலிருந்தே வருகிறது. நீர் கடின உள்ளம் கொண்டவர், விதைக்காத இடத்தில் அறுப்பவர், அதனால் அஞ்சினேன் என்கிறான். தன்னை நம்பி இருபது ஆண்டு உழைப்பின் மதிப்பை ஒப்படைத்த தலைவரைக் கொடியவர் என்று எண்ணினான். அந்த எண்ணத்தில் அச்சம் பிறந்தது, அச்சத்தில் சோம்பல் பிறந்தது. அவனுடைய தாலந்தால் எவரும் பயன் பெறவில்லை.

இந்த மூவரோடு நான்காவது ஒருவனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்தேயு 24ஆம் அதிகாரத்தின் இறுதியில், இதே போதனையின் முற்பகுதியில், அவனை இயேசு காட்டுகிறார். தலைவர் வரக் காலம் செல்லும் என்று எண்ணி, உடன் பணியாளரை அடித்து, குடிகாரரோடு உண்டு குடிக்கும் பணியாளன் அவன். வீட்டாருக்கு வேளாவேளைக்கு உணவு கொடுக்க வைத்திருந்ததைத் தானே தின்று தீர்க்கிறவன். ஆகவே பொறுப்பில் தவறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அச்சத்தால் புதைப்பது. மற்றொன்று, பேராசையால் முதலைத் தின்பது. மன்னாரின் வரலாறு இரண்டையும் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரே கடலடியில் முத்துப்பார்கள் இருக்கின்றன. பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்குவதற்கென்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகை இன்று இடிபாடாக நிற்கிறது. அந்தக் கரையில் நம் முன்னோரும், எதிர்க்கரையான தமிழ்நாட்டுத் தமிழரும், அரபு நாட்டாரும் சேர்ந்து குளித்தார்கள். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் பாதத்தை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து பாகம், பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். சிப்பிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே தோணியில் நிற்பவர் அந்த அசைவை உணர்ந்த கணமே இழுத்தாக வேண்டும். கீழே இருப்பவரின் உயிர் மேலே இருப்பவரின் உள்ளங்கையில் இருந்தது. அதனால் எதிர்க்கரையில் தங்கையின் கணவனையோ மனைவியின் சகோதரனையோதான் கயிற்றில் நிறுத்துவார்கள் என்று சொல்வதுண்டு. ஒருவரின் உயிரைக் கையில் ஏந்தி நிற்பதுதான் பொறுப்பு. அந்த உண்மையை நம் முன்னோர் தொழிலிலேயே அறிந்திருந்தார்கள்.

அந்தத் தொழிலில் இன்னொரு ஒழுங்கும் இருந்தது. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததில்லை. முதலில் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, வயதைப் பார்த்து, முத்தை மதிப்பிடுவார்கள். முற்றவில்லையென்றால் விட்டுவிட்டுக் கரையேறுவார்கள். ஒரு சிப்பி முற்ற நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். 1891க்குப் பிறகு 1903 வரை குளிப்பே நடக்கவில்லை. 1902இல் பிரித்தானிய உயிரியல் பேராசிரியர் ஹேர்ட்மன் வந்து பார்களை ஆராய்ந்தார். பருவக்காற்று அள்ளிச் செல்லும் இடங்களிலிருந்து இளஞ்சிப்பிகளை எடுத்துப் பாதுகாப்பான பார்களில் விட்டு வளர்க்கலாம் என்று ஆலோசனை சொன்னார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1903 முதல் 1907 வரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் குளித்தார்கள். 1905இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் கரையேறின. அந்த வருமானத்தைக் கண்டு, 1906இல் ஒரு கம்பனி 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப் பின் பல ஆண்டுகள் அள்ளுவதற்குச் சிப்பி இல்லை. 1912இல் அந்தக் கம்பனியே கலைக்கப்பட்டது. 1925இல் நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. நீரோட்டம், காற்று, சிப்பியைத் தின்னும் மீன்கள் எனப் பல காரணங்களை அறிஞர்கள் சொல்வார்கள். அவையும் உண்மையே. ஆனாலும் மூத்த சிப்பிகளை ஓய்வில்லாமல் அள்ளிய கடலில் அடுத்த தலைமுறைச் சிப்பிக்கு வித்து எங்கிருந்து வரும்? நூற்றாண்டுகளாகப் பேறு தந்துகொண்டிருந்த முதல், ஒரு சில ஆண்டு இலாபத்தில் கரைந்தது. நம் பாட்டன்மார் கண்ட முத்தை நம் பிள்ளைகள் கதையாகத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் குத்தகைக்காரரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. நம் வலைகளையும் பார்ப்போம். விடியற்காலையில் கரைக்கு வரும் வலையில் நீலக்கால் நண்டு சிக்கியிருக்கும். பெண் நண்டின் வயிற்று மடலுக்கு அடியில் முட்டைகள் செம்மஞ்சள் நிறத்தில் பஞ்சு போலத் திரண்டிருக்கும். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க அது கறுத்துக்கொண்டு வரும். அந்த ஒரு நண்டின் வயிற்றில் இலட்சக்கணக்கான முட்டைகள். அதைக் கழற்றிக் கடலில் விடுவதா, நிறுவைத் தட்டில் போடுவதா என்று முடிவெடுக்க ஒரு நொடிதான் ஆகும். யாரும் பார்க்காத அந்த ஒரு நொடியில்தான் நாம் நல்ல பணியாளரா இல்லையா என்பது தெரிகிறது.

தங்கூசி வலை, வெடி வைத்துப் பிடிப்பது, ஒளி பாய்ச்சிப் பிடிப்பது ஆகியவை எல்லாம் மீனை மட்டும் பிடிப்பதில்லை. நாளைய மீனையும் சேர்த்தே அழிக்கின்றன. கடலடித் தரையைச் சுரண்டும் இழுவைமடியை 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டத்தால் தடுத்தது. ஆனாலும் எதிர்க்கரை இழுவைப் படகுகள் வருவதும், நம்மவரின் வலைகளை அறுத்துச் செல்வதும், கடனில் வாங்கிய வலை ஓர் இரவில் போய்விடுவதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் கோபம் நியாயமானது. அதே நேரத்தில் அவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள். கச்சதீவில் நம்மோடு அந்தோனியாரிடம் மன்றாடுகிறவர்கள். நீதியை உறுதியாகக் கேட்போம். பகையை வளர்க்காமல் கேட்போம். நம் பக்கத்தில் தடுக்கப்பட்ட வலையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டால்தான் நம் குரலுக்கு வலு இருக்கும்.

இனி நாம் நிற்கும் மண்ணைப் பாருங்கள். உவமையில் ஒருவன் பணத்தை மண்ணில் புதைத்தான். நம் காலத்திலோ பணத்துக்காக மண்ணையே தோண்டி எடுக்கப் பார்க்கிறார்கள். மன்னார்த் தீவின் மணலில் இல்மனைட் போன்ற கனிமங்கள் இருப்பதால் வெளிநாட்டுக் கம்பனிகளின் கண் இதன்மேல் விழுந்திருக்கிறது. இந்தத் தீவில் ஆறு இல்லை. மாரி மழை மணலில் இறங்கி, கீழே உள்ள உவர் நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. நம் கிணறுகளில் கைக்கெட்டும் ஆழத்தில் ஊறும் நல்ல தண்ணீர் இந்த மணல் காத்து வைத்தது. மணலை அள்ளிவிட்டால் தண்ணீரை எது காக்கும்? பனையும் தென்னையும் எதில் நிற்கும்? தாழ்ந்த நிலத்துக்குள் கடல் வந்தால் எங்கே போவோம்? மணல் நமக்குத் தரப்பட்ட முதல்.

காற்றும் கடவுளின் கொடைதான். 2020 டிசம்பரில் தொடங்கி இத்தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. அனல் மின்சாரத்தைவிடக் காற்று மின்சாரம் தூய்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. மறைமாவட்ட மக்களாகிய நாம் கேட்பது, எங்கே, எத்தனை, யாரைக் கேட்டு என்பதையே. மழைநீர் வடியும் வழியையும், வங்காலைச் சரணாலயத்துக்குக் கடல் கடந்து வரும் பறவைகளின் பாதையையும், கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்வோரின் பாடுகளையும் கணக்கில் எடுக்காத வளர்ச்சி, இன்னொருவரின் முதலைத் தின்னும் வளர்ச்சியாகிவிடும். 2025 ஆகஸ்ட் மாதம் முதல் மன்னார் நகரில் தாய்மாரும் இளைஞரும் மீனவரும், சமய வேறுபாடின்றி, அருட்பணியாளரோடு சேர்ந்து அமர்ந்து கேட்டது இதைத்தான். அது அரசியல் கூச்சல் அல்ல. கணக்குக் கேட்கப்படும் நாளை நினைத்துப் பயந்த பொறுப்பாளரின் குரல்.

2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் மடு அன்னையின் திருத்தலத்தில் நம்மோடு நின்று செபித்தார். அதே ஆண்டில்தான் படைப்பைக் காப்பது பற்றிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலை உலகுக்குத் தந்தார். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதரைக் கடவுள் வைத்தார் என்ற தொடக்க நூலின் இரு கடமைகளையும் அதில் சேர்த்தே விளக்கினார். பண்படுத்தாமல் காப்பது மூன்றாம் பணியாளனின் வழி. காக்காமல் பண்படுத்துவது முத்துப்பார்க் குத்தகையின் வழி. இரண்டும் சேர்ந்தால்தான் ஆண்டவரின் வழி.

அந்த வழியில் நடப்பது முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். நம் வயல்வெளிக்குப் போய்ப் பாருங்கள். அருவி ஆற்றின் நீரைத் தேக்கம் அணையில் மறித்து, கட்டுக்கரைக் குளத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாக மாந்தைப் பக்கத்து வயல்களுக்குப் பிரிக்கிறோம். பழைய மன்னர் காலத்துக் குளம் அது. தூர்ந்து கிடந்ததை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் திருத்தினார்கள். இன்றும் காலபோகம் முடிந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைவாக இருந்தால், கமக்காரர் கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்து, இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று பார்த்து, அதற்குள் பங்கிட்டுக்கொள்கிறோம். தலைவாய்க்காலில் வயல் உள்ளவன் எல்லாவற்றையும் பாய்ச்சிக்கொண்டால் கடைவாய்க்காலில் உள்ளவன் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பான்? குளத்து நீரில் காட்டும் அந்த ஒழுங்கைக் கடலிலும் மணலிலும் காட்டினால் போதும்.

அன்புக்குரியவர்களே, தின்று தீர்ப்பதைப் பற்றிப் பேசினேன். புதைப்பதைப் பற்றியும் பேச வேண்டும். போர்க்காலம் நமக்கு அச்சத்தை ஆழமாகக் கற்றுத் தந்துவிட்டது. 1990 ஒக்டோபரில் நம் முஸ்லிம் அயலவர் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டதைக் கண்டோம். 1999 நவம்பரில் மடுவில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேலேயே எறிகணை விழுந்தது. வீடுகளை விட்டு ஓடினோம், முகாம்களில் இருந்தோம், பிள்ளைகளை இழந்தோம். இவ்வளவும் பட்ட மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. மூன்றாம் பணியாளனின் அச்சத்துக்குக் காரணமில்லை. நம் அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்த அச்சத்தை அப்படியே வளரவிட்டால் கடவுளையும் கடின உள்ளம் கொண்டவர் என்றே எண்ணத் தொடங்கிவிடுவோம். பேசத் தெரிந்தவர் வாய் திறக்கமாட்டார். படித்த பிள்ளை ஊருக்குப் பாடம் சொல்லித் தர வரமாட்டாள். ஊர்க் கூட்டத்துக்குப் போனால் வம்பு என்று ஒதுங்கிவிடுவோம். அப்படியே ஒவ்வொரு தாலந்தும் மண்ணுக்குள் போகும்.

நம் முன்னோரும் ஒரு காலத்தில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1544இல் இத்தீவில் திருமுழுக்குப் பெற்றிருந்த ஏறத்தாழ 600 பேர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார்கள். பின்னர் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தபோது, 1670இல் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் அன்னையின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின என்பது நம் மரபு. அவர்கள் திருவுருவத்தை மண்ணில் புதைத்துவிட்டு நல்ல காலம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இன்று மடு எனப்படும் மருதமடுக் காட்டில் சிறு ஆலயம் அமைத்து, அங்கேயே செபித்து, வந்தவரைச் சேர்த்துக்கொண்டார்கள். குருக்கள் இல்லாத நாட்டுக்கு 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் வந்திறங்கிய குரு யோசேப்பு வாஸ், அப்படிக் காத்து வைத்திருந்த மக்களைத் தேடித் தேடிப் போய் அருளடையாளங்களை வழங்கினார். 20 குடும்பங்களின் காட்டுக் கோவில் இன்று நாட்டின் எல்லா இனத்தவரும், பிற சமயத்தவரும்கூட, வந்து மண்டியிடும் இடமாகியிருக்கிறது. அவர்களும் அஞ்சினார்கள். ஆனால் ஆண்டவரை நம்பினார்கள். முதலைக் காத்தார்கள், பெருக்கினார்கள், நம் கையில் தந்தார்கள். நாம் யார் கையில் எதைத் தரப்போகிறோம்?

முதல் வாசகத்தில் நீதிமொழிகள் நூல் ஒரு பெண்ணைப் புகழ்கிறது. நூல் நூற்கும் அவளுடைய கை, எளியவருக்காகவும் திறக்கிறது. அந்தப் பெண்ணை நம் கரையில் தேட வேண்டியதில்லை. வலை தெரித்து, கருவாடு காயவைத்து, பனையோலை பின்னி, கணவனை இழந்த வீட்டையும் தாங்கி நிற்கும் தாய்மார் இங்கே எத்தனை பேர்! ஆனால் அவர்களின் உழைப்பை யார் அறுத்துச் செல்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். வட்டிக் கடையிலாவது போட்டிருக்கலாமே என்று உவமையின் தலைவர் சொன்னதைக் கொண்டு எந்த வட்டியையும் நியாயப்படுத்த முடியாது. நுண்கடன் என்ற பெயரில் வாசலுக்கு வந்து, வாரந்தோறும் வசூலித்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனில் தள்ளி, பெண்களைக் கண்ணீர் விடவைக்கும் வட்டி, விதைக்காத இடத்தில் அறுக்கும் வட்டி. நம் ஊர்ச் சீட்டும் கூட்டுறவுச் சேமிப்பும் நேர்மையாக நடந்தால், அந்தக் கடன்காரர் நம் வாசலுக்கு வரவே தேவையில்லை.

இன்று உலக வறியோர் நாள். இந்த ஞாயிறையே அதற்கெனத் திருத்தந்தை பிரான்சிஸ் தெரிந்துகொண்டார். தாலந்து உவமை முடிந்த இடத்திலேயே இறுதித் தீர்ப்புக் காட்சி தொடங்குகிறது. பசியாய் இருந்தேன், தாகமாய் இருந்தேன், அன்னியனாய் இருந்தேன் என்று அரசர் அங்கே கணக்குக் கேட்கிறார். எத்தனை மாடி கட்டினாய் என்று கேட்கப்போவதில்லை. வெளிநாட்டிலிருந்து எவ்வளவு அனுப்பினார்கள், திருவிழாவுக்கு எத்தனை இலட்சத்துக்கு மின்விளக்குப் போட்டாய் என்றும் கேட்கப்போவதில்லை. கடைவாய்க்காலில் வயல் உள்ளவனுக்குத் தண்ணீர் போனதா, திரும்பி வந்து குடியேறும் அயலவனுக்குக் கடலிலும் காணியிலும் இடம் விட்டாயா, உன் பிள்ளைக்கு மீனுள்ள கடலை விட்டாயா என்றே கேட்பார்.

ஆகவே இந்த ஆண்டுக் கணக்கை மூடுவதற்கு முன், ஒவ்வொரு வீடும் மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களை வேண்டுகிறேன். முதலாவது, தடுக்கப்பட்ட வலை வீட்டில் இருந்தால் இனி அதைக் கடலில் இறக்குவதில்லை என்று குடும்பமாகத் தீர்மானியுங்கள். சினை நண்டையும் குஞ்சு மீனையும் விட்டுவிடுவது சங்கத்தின் தீர்மானமாகட்டும். ஒருவர் விட்டு மற்றவர் பிடித்தால் விட்டவருக்கு மனம் சோர்ந்துவிடும். இரண்டாவது, நம் காணியையும் மணலையும் பற்றிய எந்தக் கடதாசியிலும் தனியாகக் கையொப்பம் வைக்காதீர்கள். ஊரோடு பேசி, வாசித்து விளங்கி, பிள்ளைகளின் பெயரை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். மூன்றாவது, புதைத்து வைத்திருக்கும் ஒரு தாலந்தை வெளியே எடுங்கள். ஆசிரியர் ஓய்வு பெற்றிருந்தால் மாலையில் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக் கொள்ளட்டும். காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த மூத்த மீனவர், அந்த அறிவை இளையோருக்குச் சொல்லித் தரட்டும். மன்னிக்க வேண்டியவரோடு பேசாமல் இருப்பவர், இந்த வாரமே போய்ப் பேசட்டும். மன்னிப்பும் ஆண்டவர் தந்த முதல்தான். கொடுக்கக் கொடுக்கப் பெருகுவது.

ஆண்டவரின் நாள் திருடனைப் போல் வரும் என்று பவுல் இன்று நமக்குச் சொல்கிறார். நாம் ஒளியின் மக்கள் என்றும் உடனே சேர்த்துச் சொல்கிறார். கணக்குச் சரியாக இருக்கும் வீட்டில் தணிக்கையாளரைக் கண்டு நடுங்குவதில்லை. வரப்போகிறவர் கடின உள்ளம் கொண்டவர் அல்ல. சிலுவையில் தம் உயிரையே நமக்கு முதலாகப் போட்டவர். உள்ளே வந்து என் மகிழ்ச்சியில் பங்குகொள் என்று அழைப்பதற்காகவே அவர் வருகிறார்.

இப்போது அப்பத்தையும் இரசத்தையும் பீடத்துக்குக் கொண்டு வருகிறோம். நிலத்தின் விளைவையும் மனித உழைப்பின் பயனையும் ஒன்றாக ஏந்தி வருகிறோம். கடல் தந்ததையும் குளம் தந்ததையும் மணல் தந்ததையும் அந்தக் காணிக்கையோடு சேர்த்து வைப்போம்.

எல்லாம் வல்ல தந்தையே, இந்தக் கடலும் கரையும் உம்முடையவை. எங்கள் முன்னோரிடம் நீர் ஒப்படைத்ததை அவர்கள் கண்ணீரோடும் இரத்தத்தோடும் காத்து எங்களுக்குத் தந்தார்கள். பேராசையிலிருந்து எங்கள் கைகளை விடுவித்தருளும். அச்சத்திலிருந்து எங்கள் உள்ளங்களை விடுவித்தருளும். உம்மிடமிருந்து பெற்றதைக் குறையாமல் காக்கவும், பெருக்கவும், வறியோரோடு பகிரவும், எங்கள் பிள்ளைகளின் கையில் நிறைவாக ஒப்படைக்கவும் மருதமடு அன்னையின் பரிந்துரையால் எங்களுக்கு ஆற்றல் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.